30க்கு 27: தலையில் அடிபட்டவருக்கு எந்தச் சோதனை?

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இரவு படுத்துக் கிடந்த மாட்டில் மோதி என் தங்கையின் கணவர் விழுந்து இரண்டு வருடமாகிறது. தலைக்கவசம் போட்டிருந்தார், பட்டி பூட்டவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு கிளினிக்கில் நினைவாற்றலைச் சோதித்தார்கள். 30க்கு 27. 'பிரச்சினை இல்லை' என்று கொப்பியில் எழுதிவிட்டார்கள். அதே கிழமை ஒரு செத்த வீட்டில், பிரேதத்துக்குப் பக்கத்தில் நின்று, இறந்தவர் தன் கடைக்குத் தரவேண்டிய கடனைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார். தங்கை கையைப் பிடித்து இழுத்தும் நிறுத்தவில்லை.

அந்த 27இல் பிழையில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. எந்தச் சோதனை எதை அளக்கிறது என்று அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். வார்டில் எழுதும் ஜிசிஎஸ் எண்ணைப் பல குடும்பங்கள் வருடக்கணக்கில் மனப்பாடமாக வைத்திருக்கின்றன. 1974இல் வந்த இந்தக் கிளாஸ்கோ அளவு 3 முதல் 15 வரை போகும். ஆள் எவ்வளவு விழித்திருக்கிறார் என்பதை மட்டும் சொல்லும். 15 இருந்தாலும் யோசனையிலும் பேச்சின் ஒழுங்கிலும் கோளாறு இருக்கலாம். அடிபட்ட பின் நாளும் இடமும் தெரியாமல், புதிய நினைவுகள் தங்காமல் இருக்கும் காலத்துக்குத் தனிச் சோதனை உண்டு. 1979இல் வந்த கால்வெஸ்டன் சோதனை அதில் ஒன்று. 100க்கு 76 அல்லது அதற்கு மேல் வந்து, அது நிலைத்தும் நின்ற பிறகே மற்றச் சோதனைகளுக்கு அர்த்தம் வரும்.

இனிப் போட்டியாளர்கள். பழையது மினி மென்டல் எனப்படும் 1975ஆம் ஆண்டுச் சோதனை. 30 புள்ளி. நாள், இடம், நினைவு, மொழி ஆகியவற்றைத் தொடும். நெற்றிப்பக்க மூளையின் வேலையான திட்டமிடலை ஏறக்குறைய விட்டுவிடும். மோட்டார் சைக்கிள் விபத்தில் அதிகம் அடிவாங்கும் இடங்களில் அந்தப் பக்கமும் ஒன்று. இதை மட்டும் செய்துவிட்டு அனுப்பினால், 'இன்னொன்றும் செய்ய முடியுமா?' என்று மரியாதையாகக் கேளுங்கள்.

அந்த இன்னொன்று பெரும்பாலும் மொன்ட்ரியல் சோதனை. சுருக்கமாக மோகா என்பார்கள். 2005இல் சியாத் நஸ்ரதீனும் சகாக்களும் வெளியிட்டது. முதியவர்களின் ஆரம்ப மறதியைப் பிடிக்க உருவாக்கப்பட்டாலும், இலக்கமும் எழுத்தும் மாறி மாறி இணைப்பது, கடிகாரம் வரைவது, ஒரு நிமிடத்தில் ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்வது என்று நெற்றிப்பக்க வேலையையும் தொடும். சுமார் பத்து நிமிடம். 26 அல்லது அதற்கு மேல் வந்தால் வழமை என்பது முதலில் சொல்லப்பட்ட எல்லை. 12 வருடம் அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஒரு புள்ளி கூட்டுவார்கள்.

அந்த ஒரு புள்ளியைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். இடப்பெயர்வில் மரத்தடியில் படித்து, ஒரு வருடம் விட்டு, வேறு ஊரில் தொடர்ந்து, சாதாரண தரப் பரீட்சையே எழுதாதவரின் பள்ளிக்காலத்தை எந்தப் புள்ளி ஈடுசெய்யும்? இந்தச் சோதனைக்குத் தமிழ் வடிவம் உண்டு. இருந்தாலும், 'க'வில் தொடங்கும் சொல் கேட்டால் 'கால்', 'கிணறு' சேருமா சேராதா என்பதில் சோதிப்பவர் ஆளுக்கொரு மாதிரி நடந்தால் புள்ளி மாறிவிடும். படத்தில் இருக்கும் காண்டாமிருகத்தை எங்கள் காட்டில் யாரும் கண்டதில்லை. கரடியைக் காட்டினால் வன்னியில் குழந்தையும் சொல்லும்.

இவை எல்லாம் சிறு குறைகள். பெரிய குறை சோதனை நடக்கும் விதத்திலேயே இருக்கிறது. அமைதியான அறை, ஒருவரே பேசுகிறார், ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. அடுத்து என்ன செய்வது, எப்போது நிறுத்துவது என்பதைச் சோதிப்பவரே சொல்லிவிடுகிறார். மச்சான் இழந்தது அதைத் தானே தீர்மானிக்கும் திறனைத்தான்.

பேச்சைச் சோதிப்பது என்றால் வெஸ்டர்ன் அபேசியா சோதனை போன்றவை இருக்கின்றன. பக்கவாதத்தில் சொல் தொலைத்தவருக்கு அவை பொருந்தும். பொருளின் பெயர் சொல், வாக்கியத்தைத் திருப்பிச் சொல் என்பதெல்லாம் மச்சானுக்கு விளையாட்டு. கிண்டலைப் புரிந்துகொள்கிறாரா என்று வீடியோ காட்டிப் பார்க்கும் டாசிட் என்ற ஆஸ்திரேலியச் சோதனை நல்ல யோசனை. ஆனால் நடிகர்கள் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். எங்களிடம் நக்கல், 'நல்லாய்த்தான் செய்திருக்கிறாய்' என்பதில் உள்ள 'தான்' என்ற இழுப்பில் இருக்கிறது. அதை எந்த மொழிபெயர்ப்பு காட்டும்?

எங்களுக்கு உதவியது இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. மெல்பேர்னில் உள்ள லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் உருவான, 2000இல் வெளிவந்த 30 கேள்விக் கொத்து. முக்கியமானதை விட்டுவிட்டுப் பேசுகிறாரா, சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா என்பது போன்ற கேள்விகள். ஒரு படிவத்தை அவர் நிரப்புகிறார், மற்றதை நெருங்கியவர் நிரப்புகிறார். ஒரு பேச்சு சிகிச்சையாளர் வாய்மொழியாகத் தமிழாக்கிக் கேட்டார். மச்சான் அநேகமாக எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றார். தங்கை முதலில் மாமியாருக்கு முன்னால் பதில் சொன்னாள், அவளுக்கும் எல்லாம் 'இல்லை'. தனியாகக் கேட்டபோது பாதிக்குமேல் 'எப்போதும்'. இரண்டு படிவங்களுக்கும் இடையிலிருந்த தூரம்தான் எங்களுக்குக் கிடைத்த கண்டுபிடிப்பு. தன்னில் மாற்றம் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. இப்படித் தமிழாக்கிக் கேட்ட பதில்களை ஆங்கிலத்துக்கான எண்களுடன் வைத்துப் பார்க்கக்கூடாது. களைத்துப்போன மனைவி கூட்டிச் சொல்லவும் கூடும்.

பிறகு அந்தச் சிகிச்சையாளர் மச்சானுக்கு ஒரு வேலையும் கொடுத்துப் பார்த்தார். கிளிநொச்சிக்குப் போய் வங்கி, கமநல சேவை நிலையம், மருந்துக்கடை மூன்றையும் முடித்து, இரண்டு மணி பஸ்ஸில் திரும்ப வேண்டும். மச்சான் வங்கிக் காவலாளியுடன் கதைத்தபடி நின்றுவிட்டார். இதற்குப் புள்ளி கிடையாது. ஆனால் காப்புறுதிக்காரரும் நீதிமன்றத்தாரும் எண் இருக்கும் தாளைத்தான் கேட்பார்கள்.

பேச்சு சிகிச்சை ஆய்வாளர் லின் டர்க்ஸ்ட்ராவும் சகாக்களும் இந்தச் சோதனைகள் பற்றி 2005இல் எழுதிய வழிகாட்டலும், விபத்துக்கு முந்தைய ஆளையும், தேறிவரும் கட்டத்தையும், அன்றாடம் அவர் யாரோடு என்ன பேச வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. நீண்ட நரம்பு உளவியல் சோதனைகளுக்காக யாழ்ப்பாணமோ கொழும்போ அலைவது, வேலை அல்லது வழக்கு போன்ற குறித்த கேள்வி இருந்தால் மட்டும் தகும் என்பது என் கணக்கு. மற்றவர்களுக்கு மோகாவும் மனைவியின் படிவமும் ஒரு நாள் நேரடிக் கவனிப்பும் போதும்.

தலைக்குள் 2009 போரின் 'பீஸ்', அதாவது ஷெல் துண்டு, இன்னும் இருப்பவர்கள் இதில் தனி வகை. இரும்பு நகரலாம் என்பதால் எம்ஆர்ஐ பொதுவாகத் தவிர்க்கப்படும். சிடி ஸ்கேன் நுண்ணிய சேதத்தைக் காட்டாமல் விடலாம். அவர்களுக்குத் தாளும் பேனாவும் கொண்ட சோதனைகள் இன்னும் முக்கியம். ஆனால் முதலில் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். குண்டுச் சத்தத்தில் செவிப்பறை கிழிந்தவர் கேள்வி காதில் விழாமலே புள்ளி இழப்பார். வலிப்புக்கான பினிடோயின், தூக்கமின்மை, பழைய பயம் எல்லாமும் கவனத்தைக் குறைக்கும். மருந்துச் சீட்டைக் கையில் கொண்டு போங்கள்.

அடுத்த மாதம் மறுபடி சோதனை. வேறு சொற்களுள்ள வடிவம் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன். சென்றமுறை கொடுத்த ஐந்து சொற்களையும் மச்சான் இன்னும் மறக்கவில்லை. கடைக்கு வருபவர்களிடம் எல்லாம் ஒப்புவித்துக்கொண்டிருக்கிறார்.