சீப்பா, செலோ டேப்பா?

சேலத்துப் பள்ளிகளில் மின்னூட்டப் பாடத்துக்குப் பிளாஸ்டிக் சீப்புதான் எளிதில் கைக்குக் கிடைக்கும் கருவி. எண்ணெய் வைக்காத தலையில் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்த சீப்பை நெருக்கியதும் காகிதத் துணுக்குகள் துள்ளி ஒட்டிக்கொள்வதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு, பாடம் முடிந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் இச்சோதனை பாதிப் பாடத்தையே காட்டுகிறது. அந்தப் பாதியும் தவறாகவே மனத்தில் பதிகிறது என்பது என் கருத்து. முடியிலிருந்து எலக்ட்ரான்களைப் பெற்ற சீப்பு எதிர்மின்னூட்டம் அடைகிறது, காகிதமோ மின்னூட்டமற்றது. சீப்பு நெருங்குகையில் காகிதத்தின் அண்மைப் பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் மறுபக்கம் எதிர்மின் தன்மையும் கொள்வதால், அண்மைப் பக்கத்தின் ஈர்ப்பு மறுபக்கத்தின் விலக்கத்தை விஞ்சுகிறது. ஆகவே ஈர்ப்பைக் கண்டதால் மட்டும் இரண்டிலும் மின்னூட்டம் உண்டு என்று கொள்ள முடியாது. விலக்கமே உறுதியான சான்று. கூர்ந்து பார்த்தால், ஒட்டிய துணுக்குகளில் ஒன்றிரண்டு சீப்பின் மின்னூட்டத்தில் பங்கு பெற்று, ஓரினமாகி, வெடுக்கென்று தெறிக்கும். சோதனையின் சிறந்த கட்டம் அதுதான். அதற்குள் வகுப்பு கைதட்டி ஓய்ந்திருக்கும்.

செலோ டேப்பில் இக்குறை இல்லை. ஒரு சாண் நீளத் துண்டுகள் இரண்டை மேசையில் அருகருகே ஒட்டி, சட்டென்று உரித்துத் தொங்கவிட்டால், ஒரே விதமாக மின்னூட்டம் பெற்ற அவை வயிறு வளைந்து விலகும். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, சேர்த்தே மெல்ல எடுத்து, விரலால் நீவி மின்னூட்டத்தைப் போக்கிய பின் பிரித்தால், ஒன்றிழந்ததை மற்றொன்று பெற்றிருப்பதால் இரண்டும் பாய்ந்து ஒட்டும். மின்னூட்டங்களுக்கு இடையிலான தொலைவு பாதியானால் விசை நான்கு மடங்காகும் என்று 1785இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலும் நிறுவிய விதியை இதில் அளந்து காட்ட முடியாது. எனினும் நெருங்க நெருங்க வளைவு கூடுவது கண்ணுக்குத் தெரியும்.

கண்ணாடித் தண்டைப் பட்டுத் துணியால் தேய்த்து மின்னூட்டுவது மூன்றாவது வழி. சேலத்தில் பட்டுக்குப் பஞ்சமில்லை. தண்டுக்குத்தான் ஆய்வகத்தைத் தேட வேண்டும்.

வானிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். மார்ச் மாதச் சேலத்தின் வறண்ட நண்பகலில் எந்த வழியும் பலிக்கும். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில், மூடுபனி சன்னலுக்குள் நுழையும் நாளில், பொருள்களின் மேல் படியும் ஈரப்படலம் மின்னூட்டத்தைக் கசியவிடுவதால் சீப்பு ஏமாற்றிவிடும். டேப்பும் சோர்வடையும், ஆனால் புதிதாக உரித்த நொடியிலேயே காட்டிவிடலாம் என்பதால், மலைமேல் என் தேர்வு அதுவே.