பத்து லீற்றர் வாளியும் ஒரு சோடிக் கோப்பையும்: அவசரத்துக்குக் கட்டிவைத்த தேத்தண்ணிச் சாமான், பல மழைக்காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

மூடியில் இறப்பர் வளையம் உள்ள 10 லீற்றர் பெயின்ட் வாளி ஒன்று, பழைய பருத்திச் சேலைத் துண்டுகள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு. இவ்வளவுதான் சாமான். மண்சரிவு, வெள்ளம் என்று வீட்டைவிட்டு வெளியேறும்போது வீட்டின் அருமையான கோப்பை, டீ பாட், கேத்தல் இவற்றில் எதை எடுப்பது, எதை விடுவது, இலங்கை மலையகத்து ஈரத்தில் இந்தக் கட்டும் முறை எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதே இந்தப் பகிர்வு. வாளி தேறிவிட்டது. அதற்குள் என்ன போவது என்பதில்தான் முதல் வருடங்களில் பிழை நடக்கும்.

முதலில் ஒழுங்கு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக்கு மூன்று கட்டம்: 24 மணித்தியாலத்தில் மழை 75 மி.மீ. தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. சிவப்பென்றால் வெளியேறுவது மட்டும்தான். மஞ்சளுக்கு வாளி அலுமாரியிலிருந்து இஸ்தோப்புக்கு (முன் விறாந்தைக்கு) வரும். செம்மஞ்சளுக்கு ஆட்களோடு சேர்ந்து உறவுக்காரர் வீட்டுக்குப் போகும். சிவப்புக்கு அதைத் தொடக்கூடாது. சுவரில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், தோட்டத்துக் கானில் (வடிகாலில்) திடீரென்று கலங்கிய தண்ணீர், ஓடிக்கொண்டிருந்த ஊற்று நின்றுபோவது, இல்லாத இடத்தில் புதிதாய் ஊற்று கிளம்புவது எல்லாம் எச்சரிக்கை வராவிட்டாலும் சிவப்புக்குச் சமம். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) தீப்பிடித்தாலும் அப்படியே: கூரை ஒன்றோடொன்று தொடர்ந்திருப்பதால் நெருப்பு காம்பராவுக்குக் காம்பரா தாவும், கோப்பைக்கு நேரமில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதிக் (ஈ.பி.எஃப்.) கடதாசி, மருந்து எல்லாம் இருக்கும் பை முதலாவது. வாளி எப்போதும் இரண்டாவது பொதிதான்.

தேர்வில் பெரும்பாலானோர் செய்யும் பிழை, விலை கூடியதை முதலில் எடுப்பது. தோட்டத்துத் துரை பங்களாவிலிருந்து வந்த வெள்ளி டீ பாட், பித்தளைச் செம்பு, கனத்த கேத்தல் இவைதான் கைக்கு முதலில் வரும். ஆனால் இவை சேற்றில் மூன்று நாள் கிடந்தாலும் கழுவினால் திரும்பி வரக்கூடியவை. அடியில் ‘ஈ.பி.என்.எஸ்.’ என்று முத்திரை இருந்தால் அது வெள்ளியல்ல, நிக்கல் கலந்த உலோகத்தின்மேல் ஏற்றிய மெல்லிய வெள்ளிப் பூச்சு. பூச்சுத் தேய்ந்தால் மறுபடி ஏற்றலாம். பித்தளைக்கும் அதே கதை: நசுங்கினாலும் தட்டி எடுக்கலாம், கண்டிப் பக்கம் பிலிமத்தலாவையில் பித்தளை வேலைக்காரர் இன்னும் இருக்கிறார்கள். இவற்றை விட்டுப்போவதில் ஒரேயொரு ஆபத்து உண்டு. ஆளில்லாத வீட்டில் முதலில் காணாமல் போவதும் உலோகந்தான். அதற்குத் தயாரென்றால் விடுங்கள்.

எடுக்க வேண்டியது, விழுந்தால் உடையக்கூடியதும் இன்னொன்று கிடைக்காததும். இரண்டும் ஒருசேரப் பொருந்த வேண்டும். பீங்கான் செட்டில் முழுதையும் தூக்க நினைக்காதீர்கள். ஆறு கோப்பை, ஆறு தட்டு, பாட், பால் ஜொக்கு, சீனிக் கிண்ணம் எல்லாம் சேர்ந்து நாலு கிலோவை நெருங்கும், அதன் பருமனுக்கு 10 லீற்றர் போதாது. ஒரு சோடிக் கோப்பையும் தட்டும், பாட்டின் மூடியும் போதும். மூடி ஏன்? பாட்டில் முதலில் உடைவது அதுதான், அளவுக்குப் பொருந்தும் வேறு மூடி கிடைப்பது குதிரைக் கொம்பு. சோடி ஏன்? கோப்பையின் அடியில் கம்பெனிப் பெயரும் சில செட்டுகளில் டிசைன் இலக்கமும் இருக்கும். மாத்தளை நொரிடாக்கே, தங்கொட்டுவை எதுவானாலும் ஒரு மாதிரி கையில் இருந்தால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றும் இல்லாவிட்டால் ‘நீலப் பூப் போட்டது’ என்று சொல்லித் தேடத்தான் முடியும். அடி முத்திரையைப் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து, போனில் மட்டும் வைக்காமல் வேறொருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

பழைய ஜப்பான் கோப்பை இருக்கும் வீடுகளுக்கு ஒரு குறிப்பு: ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்ற பொருளில் ஆங்கில முத்திரை இருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1952 ஏப்ரலுக்குள் வந்தது. வாளிக்குள் போகத் தகுதியானது.

தொழிற்சாலை டீமேக்கர் (தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் அதிகாரி) வீடுகளில் தேத்தண்ணி ருசி பார்க்கும் செட் இருக்கும். வாய் விளிம்பில் பல்லுப்போல் வெட்டிய, மூடியுள்ள வெள்ளைப் பாத்திரமும் கிண்ணமும். இதை விடலாம். 100 மி.லீ.க்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் என்று சர்வதேச அளவுமுறை வகுத்துவைத்த வேலைக்கான பாத்திரம் அது. அளவும் வடிவும் வகுத்தபடிதான், புதிதாக வாங்கினால் பழையதுபோலவே இருக்கும். அதில் பெயரோ திகதியோ எழுதியிருந்தால் மட்டும் வேறு கணக்கு.

எனாமல் கோப்பையைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் உண்டு. உடையாது, ஆகவே விடலாம் என்பது ஒன்று. ஆனால் வெட்டு விழுந்த இடத்தில் சேறு தங்கித் துருப்பிடிக்கும், பிறகு குடிக்கப் பயன்படாது. தாத்தாவின் கோப்பை என்றால் 150 கிராமுக்காக யோசிக்க வேண்டாம், போடுங்கள்.

இனி கட்டுவது. பாட்டை எடுப்பதென்றால் மூக்கு நுனியிலிருந்து கைப்பிடி வரை அளக்க வேண்டும். 22 செ.மீ.க்கு மேல் போனால் துணியோடு சேர்த்து 10 லீற்றர் வாளிக்குள் இறங்காது. 20 லீற்றர் வாளி வேண்டாம்: இறங்கும் ஈரப்படியில் முழங்காலில் இடிக்கும். வாளியின் அடியில் கசக்கிய சேலைத்துணி ஐந்து செ.மீ. உயரத்துக்கு. கோப்பைக்குள் முதலில் துணியைத் திணிக்க வேண்டும், பிறகு கைப்பிடியின் துவாரத்துக்குள் ஒரு துண்டைச் செருக வேண்டும், அதன் பின்தான் வெளியே சுற்றுவது. இந்த ஒழுங்கை மாற்றினால் கைப்பிடி போய்விடும். கோப்பை கவிழ்ந்து இருக்கும். தட்டு படுக்கையாக அல்ல, வாளிச் சுவரை ஒட்டி நெட்டுக்குத்தாக நிற்கும். படுத்த தட்டுக்கு மேலிருந்து வரும் அடி நடுவில் விழுந்து இரண்டாகும். பாட் மூக்குக்கு டொய்லட் ரோல் குழாய் சரியாகப் பொருந்தும். மூடி தனியே, குமிழ் கீழே பார்க்க. எல்லாம் போட்டு மூடியதும் காதோரம் வைத்துக் குலுக்குங்கள். ‘டிங்’ என்று ஒரு சத்தம் வந்தாலும் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். மொத்தம் மூன்று கிலோ, அதற்கு மேல் போக விடாதீர்கள்.

தூக்குவதற்குக் கம்பிப் பிடி உதவாது, விரலை அறுக்கும். புத்தகப் பைக்குள் வாளியை இறக்கி முதுகில் போட்டால் இரண்டு கையும் பிள்ளைக்கும் டோர்ச்சுக்கும் கிடைக்கும். கொழுந்துக் கூடையைப்போல் தலைக்கயிற்றில் தொங்கவிட்டும் பார்க்கப்பட்டது. பழகிய தலைக்குச் சுமை தெரியாது, ஆனால் படியிறங்கும்போது வாளி முதுகில் ஆடும். இடுப்பில் இன்னொரு கயிறு கட்டினால்தான் அடங்கும்.

ஒத்துவராதவை நிறைய. பத்திரிகைக் கடதாசி ஒரு மழைக்காலத்துக்குள் ஈரம் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். அதன் மை, கோப்பை அடியில் மெருகு பூசாத வளையத்தில் கறுப்பாய் இறங்கும், கழுவினாலும் போகாது. மேல்மெருகில் மயிரிழை வெடிப்புள்ள கோப்பையென்றால் கறை உள்ளேயே தங்கும். குமிழிப் பொலித்தீன் பயணத்துக்கு நல்லது, வருடக்கணக்கில் வைப்பதற்கு அல்ல: வார்னிஷ் பூசிய பித்தளையில் வட்ட வட்டமாய் அச்சு விழும். கம்பளி மெத்தென்று இருக்கும், ஆனால் கம்பளியிலும் இறப்பர் பட்டியிலும் கந்தகம் இருப்பதால் வெள்ளிப் பூச்சு கறுக்கும். பாட் மூடியை இறப்பர் பட்டி போட்டுக் கட்டாதீர்கள், பருத்தி நாடா போதும். ஈரத்துக்குத் தேத்தூளையே ஒரு முடிச்சாய்ப் போட்டு வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். தூள் ஈரத்தையும் மணத்தையும் இழுத்துக்கொண்டு அதுவே பூஞ்சை பிடிக்கும்.

விட்டுச் செல்லும் சாமானுக்கும் ஒரு வேலை உண்டு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மண்சரிவும் வெள்ளமும் மலையகத்தை ஒருசேர அடித்தன. ஆற்றோரத்து வீட்டுக்கும் மேட்டு லயத்துக்கும் தனித்தனி யோசனை வேண்டும் என்பது அப்போது தெளிவானது. ஆற்றோரத்தில் விட்டுப்போகும் சாமானை மூடிய வாளியில் போட்டால் வாளி மிதக்கும், ஆகவே யன்னல் கம்பியில் தும்புக் கயிற்றால் கட்ட வேண்டும். மேட்டில் பிரச்சினை தண்ணீரல்ல, அதிர்வு. கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டிலிருந்து இறக்கித் தரையில், உட்சுவர் மூலையில் வையுங்கள்.

திரும்பி வந்து கழுவும்போது அவசரம் கூடாது. காய்ந்த சேற்றைச் சுரண்டினால் பொன் விளிம்பு கீறும், முதலில் ஊறவிட வேண்டும். சவர்க்காரமும் சூடான தண்ணீரும் போட்டுக் கழுவி, பிறகு 4 லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி (15 மி.லீ.) மணமில்லாத குளோரின் திரவம் கலந்து 15 நிமிடம் ஊறவைத்துக் கழுவினால் முழுமையான பீங்கானைத் திரும்பப் பயன்படுத்தலாம். வெள்ளி, அலுமினியம், பொன் விளிம்பு ஆகியவற்றைக் குளோரினில் போடாதீர்கள்: வெள்ளி கறுக்கும், அலுமினியத்தில் புள்ளிக்குழி விழும், பொன் மங்கும். அலுமினியக் கேத்தலைக் கொதிக்க வைத்தால் சரி. வெள்ளத் தண்ணீர் பட்ட மரக் கரண்டி, பிளாஸ்டிக் வடி, மெருகில்லாத மண் பாட், வெடிப்பு விழுந்த கோப்பை இவற்றில் இனிக் குடிக்கக்கூடாது. வெடிப்புக் கோப்பையை அலுமாரியில் வைத்துப் பார்க்கலாம்.

வாளியைத் திறந்து பார்க்கும் நாளை மழையை வைத்துத்தான் குறிக்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவத்துக்கு முன், ஏப்ரல் கடைசி. பதுளை, பசறை, ஹப்புத்தளைப் பக்கத்துக்குச் செப்டெம்பர் கடைசி. துணியை வெயிலில் காயவைத்து, சிலிக்கா பொட்டலத்தை மாற்றி, மூடியின் வளையத்தைச் சோதிக்க வேண்டும். சோதனை எளிது: உள்ளே ஒரு காய்ந்த கடதாசியை மட்டும் போட்டு மூடி, வாளியைத் தலைகீழாகத் தண்ணீர்த் தொட்டியில் பத்து நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். கடதாசி நனைந்தால் வளையம் முடிந்தது. வளையம் தனியாகக் கிடைப்பதில்லை, வாளியே புதிதாக வேண்டும். பெயின்ட் வேலை முடிந்த கட்டடத்தில் கேட்டால் சும்மா கொடுப்பார்கள், மூடியோடு கேளுங்கள்.