டெல்டா கரைக்கும் நார்த்தாமலைக்கும் ஒரே சைக்கிள்: சஸ்பென்ஷன் வேண்டுமா, வேண்டாமா?

கும்பகோணம், பாபநாசம், மாயவரம் பக்கம் இருப்பவர் மவுண்டன் பைக் வாங்கப் போவதாகச் சொன்னால் வீட்டில் முதலில் வரும் கேள்வி, "இங்க மலை எங்க இருக்கு?" என்பதுதான். நியாயமான கேள்வி. கும்பகோணம் கடல் மட்டத்திலிருந்து முப்பது மீட்டர்கூட உயரம் இல்லை. தஞ்சாவூர் தாண்டி வல்லத்துச் செம்பாறை மேட்டுக்குப் போனால்தான் காலுக்கு ஏற்றம் என்று ஒன்று தெரியும். ஆனால் டெல்டாவை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்தால் நிலம் மாறிவிடுகிறது. கொள்ளிடம் தாண்டினால் அரியலூர், பெரம்பலூர் மேட்டு நிலம். புதுக்கோட்டைப் பக்கம் நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை. துறையூர் வழியாகப் போனால் பச்சைமலை. எல்லாமே வரலாறு கொட்டிக்கிடக்கும் இடங்கள். அவற்றைக் காரில் போய்ப் பார்ப்பதைவிட சைக்கிளில் பார்ப்பது எவ்வளவோ மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இருந்தாலும் மலைக்குப் போவது லீவு நாளில்தான். மற்ற நாளெல்லாம் சைக்கிள் ஓடப்போவது ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும். அதை மனதில் வைத்துத்தான் இரண்டு ரகத்தையும் பார்க்க வேண்டும். ஒன்று, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் உள்ள கியர் எம்டிபி, அதாவது மவுண்டன் பைக். இன்னொன்று, அதே கியர், அதே அகலமான டயர், ஆனால் ஃபோர்க் மட்டும் சஸ்பென்ஷன் இல்லாத வெறும் ஸ்டீல் குழாய். மச்சானிடம் இருப்பது முதல் ரகம், நான் வாங்கியது இரண்டாவது. சேர்ந்துதான் ஓட்டுகிறோம், அடிக்கடி மாற்றியும் ஓட்டிப் பார்க்கிறோம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டெல்டாவில் குடியிருப்பவருக்கு சஸ்பென்ஷன் வேண்டாம்.

மற்ற ரகங்களைச் சுருக்கமாகத் தாண்டிவிடலாம். பின்னாலும் சஸ்பென்ஷன் வைத்து மலிவு விலையில் வருபவை எடையைத்தான் கூட்டும், அதை மறந்துவிடுங்கள். ஹைப்ரிட் தார் ரோட்டுக்கு அருமையான வண்டி. கல்லணை வரை போய்த் திரும்ப அதைவிட நல்லது இல்லை, ஆனால் கரை மணலில் இறக்கினால் அதன் ஒல்லி டயர் புதைந்து நின்றுவிடும். பழைய 28 இஞ்சு சைக்கிளில் மூட்டையோடு கரைமேல் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கியர் இல்லாமல் அதைப் பச்சைமலையில் ஏற்ற முடியாது, அவ்வளவுதான்.

இனி கரையைப் பற்றி. கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு வழியாகக் காவிரியை ஒட்டி வரும் ரோட்டில் எந்த சைக்கிளும் ஓடும். ரோட்டை விட்டு மண் பாதையில் இறங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். கோடையில் கொள்ளிடக் கரையில் புழுதி கணுக்கால் வரை கிடக்கும். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை வந்து, வாய்க்கால்களில் பிரிந்தபின் உழவு தொடங்கும். சேற்று உழவுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம் (கேஜ் வீல்) மாட்டிய டிராக்டர்கள் வயலிலிருந்து ஏறி இறங்கும் இடமெல்லாம் கரை வரிவரியாகப் பிளந்து, காய்ந்ததும் கட்டிதட்டிப் போகும். ஐப்பசி மழையில் அதே இடம் டயரைக் கவ்விப் பிடிக்கும் களிமண். புள்ளமங்கைக்குக் குடமுருட்டிக் கரையோரமாகப் போகிறவர்களுக்கு இந்த மூன்றும் பழக்கம்தான். முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில் அது. உள்ளங்கை அகலத்தில் இராமாயணக் காட்சிகளைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அதைப் பார்க்க எவ்வளவு சேற்றையும் மிதிக்கலாம்.

அந்தச் சேறு சைக்கிளை என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் மேலே பளபளவென்று ஒரு ஜோடிக் குழாய், கீழே கொஞ்சம் பருமனான ஒரு ஜோடி. மேல் குழாய் கீழ்க் குழாய்க்குள் இறங்கி ஏறும்போதுதான் மேடு பள்ளம் கைக்குத் தெரியாமல் போகிறது. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் சீல் இருக்கும். மண் உள்ளே போகாமல் காப்பது அது ஒன்றுதான். ஆற்று மணல் பரவாயில்லை, பருமனாக இருப்பதால் சீலில் தட்டி உதிர்ந்துவிடும். வண்டல் அப்படி இல்லை. ராகி மாவைப் போல நைசாக இருக்கும் அது சீலின் விளிம்பில் ஒட்டி, கிரீஸோடு குழைந்து, ஃபோர்க் இறங்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. உள்ளே போனால் குழாயைத் தாங்கும் புஷ்ஷை அரைக்கத் தொடங்கும்.

மச்சானின் சைக்கிளைக் கழுவி நிழலில் நிறுத்தினால் மேல் குழாயைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தெரியும். துணியால் துடைத்தால் போய்விடும், அடுத்த தடவை ஃபோர்க்கை அமுக்கினால் மறுபடி வரும். உள்ளே இருப்பது வெளியே கசிகிறது என்று அர்த்தம். இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சீல் இருக்கும் இடத்தில் மறு கையின் விரலை வைத்து, ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். நல்ல ஃபோர்க்கில் விரலுக்கு ஒன்றும் தெரியாது. புஷ் தேய்ந்ததில் "டக் டக்" என்று ஆட்டம் தட்டும். இந்தப் பக்கம் பழைய சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பார்த்துவிடுங்கள்.

நல்ல ரக ஃபோர்க் செய்யும் கம்பெனிகளே சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை கீழ்க் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றச் சொல்கின்றன. தினம் ஒரு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அது இரண்டு மாதத்துக்குள் வந்துவிடும். வண்டலில் ஓட்டினால் அதற்கும் முன்னாலேயே செய்வது நல்லது. இருபதாயிரத்தை ஒட்டிய விலையில் வரும் சைக்கிள்களில் இருப்பது ஸ்பிரிங் வைத்த சாதாரண ஃபோர்க். அதையும் கழற்றி கிரீஸ் போடலாம், ஆனால் புஷ் தேய்ந்துவிட்டால் முழு ஃபோர்க்கையும் மாற்றுவதுதான் வழக்கம்.

யார் கழற்றித் தருவார்? எங்கள் பக்கத்து சைக்கிள் கடைக்காரர்கள் கைதேர்ந்தவர்கள். நாங்கள் போகும் கடையில் வீல் கோட்டம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம், அவ்வளவு சுத்தமான வேலை. அவரிடம் மச்சானின் ஃபோர்க்கைக் காட்டியபோது சொன்னார்: "தம்பி, கப்பு கோன் கேளு, பால்ரஸ் கேளு, ஃப்ரீவீல் மாத்தச் சொல்லு, இன்னைக்கே முடிச்சுத் தரேன். இதுக்கு எங்கிட்ட சாமான் இல்ல. வெளியூர்ல சொல்லி வரவழைச்சாத்தான் உண்டு." திருச்சிக்கோ சென்னைக்கோ சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய், விட்டுவிட்டு வந்து, மறுபடி போய் எடுத்து வர வேண்டும். அந்த அலைச்சலையும் பஸ் செலவையும் ஃபோர்க்கின் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

என் ஃபோர்க்கில் அசையும் பாகமே கிடையாது. மேலே ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பால்ரஸை (பேரிங் குண்டுகளை) மழைக்காலம் முடிந்ததும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் போட்டால் அடுத்த மழைக்காலம் வரை கவலை இல்லை. அதை எந்தத் தெருக்கோடிக் கடையிலும் செய்து தருவார்கள்.

செயின் வேலை இரண்டு ரகத்துக்கும் ஒன்றுதான். வண்டலும் எண்ணெயும் சேர்ந்தால் செயின் சீக்கிரம் தேயும், துடைத்துவிட்டு அளவாக எண்ணெய் விட வேண்டும். அறுப்புக் காலத்தில் ரோட்டில் பரப்பிய வைக்கோல் பின் கியருக்குள் சுற்றிக்கொள்ளும், இறங்கி உடனே உருவிவிடுங்கள். இழுத்துக்கொண்டே மிதித்தால் கியர் மாற்றும் டிரெயிலியர் வளைந்துவிடும். ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தால் ஓரமாக இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அது ஒருவருடைய அந்த வருஷத்து உழைப்பு.

"சஸ்பென்ஷன் இல்லாமல் கை வலிக்காதா?" என்று கேட்பார்கள். இதற்கு டயரில்தான் பதில் இருக்கிறது. 2.1 இஞ்சு டயரில் 30 முதல் 35 பிஎஸ்ஐ வரை காற்று வைத்தால் கேஜ் வீல் தடத்தின் அதிர்வில் பெரும்பகுதியை டயரே வாங்கிக்கொள்ளும். பெட்ரோல் பங்கில் காற்று அடித்தால் பெரும்பாலும் இதைவிடக் கெட்டியாக அடித்துவிடுவார்கள். அதனால் வீட்டில் மீட்டர் உள்ள பம்பு ஒன்று அவசியம். ரொம்பவும் குறைத்தால் கல்லில் இடிக்கும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி இரண்டு ஓட்டை விழும், அதுவும் கூடாது. கொள்ளிடக் கரையில் சீமைக்கருவேல முள்ளுக்கு எந்த ஃபோர்க்காலும் ஒன்றும் செய்ய முடியாது, பஞ்சர் சாமான் கையோடு இருக்க வேண்டும். இன்னொன்று: எம்டிபியின் 26 இஞ்சு டயரும் லேடீஸ் சைக்கிளின் 26 இஞ்சு டயரும் ஒன்றல்ல. எண் ஒன்றாக இருந்தாலும் ரிம்மின் அளவு வேறு, ஒன்று மற்றதில் ஏறாது. கடையில் கேட்கும்போது பழைய டயரில் அச்சடித்திருக்கும் முழு அளவையும் காட்டுங்கள்.

சரி, மலைக்கு வருவோம். நார்த்தாமலை உண்மையில் ஒரே மலை அல்ல, பக்கம் பக்கமாக நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகள். அவற்றுக்கு நடுவே உள்ள செம்மண் தடங்களும் கரடும்தான் ஓட்டுவதற்கு. வேகம் அதிகம் எடுக்க முடியாத பாதை என்பதால் எங்கள் இரண்டு சைக்கிளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மேலமலைச் சரிவில் விஜயாலய சோழீஸ்வரம் இருக்கிறது. சாத்தன் பூதி என்பவர் எடுப்பித்த கற்றளி மழையில் சேதமானதும் மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. கருவறை வட்டமாக இருக்கும், எதிரே குடைவரையில் வரிசையாகப் பன்னிரண்டு திருமால்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். சைக்கிளைக் கீழேயே பூட்டிவிட்டு நடந்து ஏறுங்கள். அந்தப் பாறைமேல் டயர் ஏறவே கூடாது என்பது என் கருத்து.

அரியலூர்ப் பக்கம் எனக்கு இன்னும் பிடிக்கும். திருமானூரில் கொள்ளிடத்தைத் தாண்டி, மேலப்பழுவூர் அருகே கீழையூரில் பழுவேட்டரையரின் இரட்டைக் கோயிலைப் பார்த்துவிட்டு, அப்படியே பெரம்பலூர் மாவட்டத்துக்குள் நுழைந்தால் சாத்தனூரில் கல்லாகிப் போன மரம். 1940இல் கண்டறியப்பட்டது, 18 மீட்டர் நீளம். காரைப் பக்கம் நிலம் ஓடை ஓடையாக அரித்து, கடலில் வாழ்ந்த உயிர்களின் படிமங்கள் மண்ணில் தெரியும். பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தில் எடை குறைந்த முன்பக்கம் கை கொடுத்தது. சாதாரண ஸ்பிரிங் ஃபோர்க் இரண்டரை கிலோ அளவுக்கு வரும், ஸ்டீல் ஃபோர்க் அதில் ஏறக்குறைய பாதிதான். நின்று மிதிக்கும்போது மச்சானின் ஃபோர்க் அமுங்கி எழும்பிக்கொண்டே வரும். ஃபோர்க்கை அசையாமல் பூட்டும் லாக் இருந்தால் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பூட்டிய சஸ்பென்ஷன் எடை கூடிய சாதா ஃபோர்க்தானே.

பச்சைமலையில் மட்டும் என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. மலை ஏற, முன் பல்சக்கரத்தில் 24 பல், பின் பல்சக்கரத்தில் 34 பல் இருந்தால் போதும், ஃபோர்க் எதுவாக இருந்தாலும் சரி. இறக்கத்தில் ரோடு பெயர்ந்து கப்பிக் கல் தெரியும் இடங்களில் மச்சான் நிம்மதியாகப் போனார். நான் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டு போனேன், கீழே வந்ததும் உள்ளங்கை மரத்திருந்தது. நான் ஓட்டியதெல்லாம் ரோடும் ஜீப் தடமும்தான். பாறையும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் வேகமாக இறங்கிய அனுபவம் எனக்குப் போதாது. வாராவாரம் அதற்காகவே மலைக்குப் போகிறவர், மணிக்கட்டிலோ தோளிலோ ஏற்கெனவே வலி உள்ளவர் சஸ்பென்ஷனே வாங்கட்டும். காற்றழுத்தத்தில் இயங்கும் விலை கூடிய ஃபோர்க்கையும் நான் வைத்து ஓட்டியதில்லை. இங்கே சொன்ன குறை ஸ்பிரிங் ஃபோர்க்கைப் பார்த்துச் சொன்னது.

பழையதாக விற்கும்போது சஸ்பென்ஷன் உள்ளதைத்தான் முதலில் கேட்கிறார்கள், குறிப்பாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாங்கும் பெற்றோர். அது உண்மைதான். ஆனால் விவரம் தெரிந்து வாங்குபவர் ஃபோர்க்கில் ஆட்டம் கண்டதும் கேட்ட விலையை அங்கேயே குறைத்துவிடுவார்.

கியர் இருந்து, சஸ்பென்ஷன் இல்லாத எம்டிபி கடைகளில் குறைவாகத்தான் கிடைக்கிறது. ஏற்கெனவே சஸ்பென்ஷன் சைக்கிள் வைத்திருப்பவர் அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை, ஃபோர்க் போனபிறகு ஸ்டீல் ஃபோர்க் மாற்றிக்கொள்ளலாம். மச்சானும் அப்படித்தான் செய்யப் போகிறார். வாங்கும்போது மூன்று விஷயம் பொருந்த வேண்டும்: ஹேண்டிலோடு சேரும் குழாயின் விட்டம், டிஸ்க் பிரேக் என்றால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை மாட்டும் இடம், ஃபோர்க்கின் நீளம். நீளத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சஸ்பென்ஷன் இருந்த இடத்தில் குட்டையான ஃபோர்க்கை மாட்டினால் முன்பக்கம் தாழ்ந்து, இறக்கத்தில் ஹேண்டில் படபடக்கும், பெடல் கல்லில் இடிக்கும். ஆக்சிலிலிருந்து, ஹேண்டிலோடு சேரும் குழாய் தொடங்கும் இடம் வரை பழைய ஃபோர்க்கை டேப்பில் அளந்துகொண்டு, ஆள் ஏறி உட்கார்ந்தால் அது அமுங்கும் அளவை மட்டும் கழித்துவிட்டுக் கேளுங்கள்.