எம்என்பிபெம்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

தங்கத் துகளுக்குப் பக்கத்தில் ஒரு மின்னூட்டத்தையோ ஒளி உமிழும் மூலக்கூறையோ வைத்தால் அங்கே மின்புலம் எப்படி மாறும்? இதைக் கணக்கிட நான் பல வருடங்களாகப் பயன்படுத்துவது எம்என்பிபெம் (MNPBEM) என்ற நிரல்தொகுப்பு. ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உல்ரிக் ஹோஹெனெஸ்டரும் ஆண்ட்ரியாஸ் ட்ரூக்லரும் 2012-இல் வெளியிட்டது. நிரல் இலவசம். ஆனால் மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளில்தான் ஓடும், அதற்கு உரிமம் வாங்கியாக வேண்டும்.

துகளின் மேற்பரப்பை மட்டும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்குப் போடுவதுதான் இதன் பலம். சுற்றியுள்ள வெளி முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் வேலை இல்லை. ஒற்றைத் துகள், இரட்டைத் துகள் என்றால் சாதாரண மடிக்கணினியே போதும்.

புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் முதலில் சொல்வது, விடை தெரிந்த கணக்கை ஓட்டிப் பாருங்கள் என்பதுதான். நிகர மின்னூட்டம் இல்லாத ஓர் உலோகக் கோளம், ஆரம் 10 நானோமீட்டர். மேற்பரப்பிலிருந்து 5 நானோமீட்டர் தள்ளி ஒரு மின்னூட்டம். கோளத்தின் விளைவை அதன் உள்ளே வைத்த கற்பனை மின்னூட்டங்களால் குறிப்பது பிம்ப மின்னூட்ட முறை. அதன்படி, மையத்திலிருந்து 6.67 நானோமீட்டரில் எதிர்க்குறியுடன் மூன்றில் இரண்டு பங்கு; அதே அளவு நேர்க்குறியுடன் மையத்தில். கூட்டிப் பார்த்தால், மின்னூட்டத்துக்கு மிக அருகில் உள்ள மேற்பரப்புப் புள்ளியில் புலம், கோளம் இல்லாதபோது இருப்பதைப் போல 2.3 மடங்கு. கையால் போடக்கூடிய கணக்கு. கருவியில் மின்னூட்டத்துக்குப் பதில் இருமுனையை (அருகருகே உள்ள எதிரெதிர் மின்னூட்ட இணை) வைத்து, மின்கடத்தா மாறிலிக்கு மிகப் பெரிய எண் கொடுத்தால், இதே பிம்ப முறையோடு ஒப்பிட்டுவிடலாம். ஒளி அலைநீளங்களுக்கு, கோளத்தின் மீது ஒளி சிதறுவதைத் துல்லியமாகச் சொல்லும் மீ (Mie) கோட்பாட்டு விடையும் தொகுப்பிலேயே இருக்கிறது. இந்த ஒரு வசதிக்காகவே இதை மனதாரப் பாராட்டுவேன்.

ஒளியில் கதை வேறு. தண்ணீரில் இருக்கும் சிறிய தங்கக் கோளம் 520 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்தில் ஒத்ததிர்கிறது, அதாவது அதன் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து வலுவாக அதிர்கின்றன, புலம் பல மடங்கு எகிறுகிறது. அதனால் மூலக்கூறை எவ்வளவு நெருக்கினால் அவ்வளவு ஒளி என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. 80 நானோமீட்டர் விட்டமுள்ள தங்கக் கோளத்தை வைத்து 2006-இல் வெளியான ஒற்றை மூலக்கூறு ஆய்வில் ஒளிர்வு சுமார் 5 நானோமீட்டர் தொலைவில் உச்சம் தொட்டது. அதற்கும் நெருங்கினால் ஆற்றல் உலோகத்துக்குள் வெப்பமாகப் போய்விடுகிறது. மூலக்கூறு தன் ஆற்றலை இழக்கும் மொத்த வேகத்தையும் (சிதைவு வீதம்) ஒளியாக வெளியேறும் பங்கையும் எம்என்பிபெம் தனித்தனியாகத் தருவதால் இந்தப் போட்டியைக் கண்ணால் பார்க்கலாம். நான் திரும்பத் திரும்ப இதற்கே வருவதற்குக் காரணமும் இதுதான்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. மேற்பரப்பை ஒட்டிய புள்ளியில் புலம் கேட்டால், துண்டின் அளவைவிட அந்தத் தூரம் குறைவாக இருக்கக் கூடாது. இருந்தால் வண்ணப்படம் அழகாக வரும், எண் தப்பாக இருக்கும். துண்டுகளை இன்னும் சிறிதாக்கி மறுபடி ஓட்டி, எண் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நினைவகம்: 5,000 துண்டுகள் என்றால் துண்டுகளுக்கு இடையிலான எண்களை வைக்கும் ஓர் அணிக்கே (matrix) 400 மெகாபைட் போகும், அப்படிப் பல தேவை. பின்னர் வந்த பதிப்பில் அணிகளைச் சுருக்கி வைக்கும் படிநிலை அணிகள் சேர்ந்ததால் பெரிய துகள்களுக்கு இந்தச் சுமை குறைந்திருக்கிறது.

கூடவே வரும் தங்கம், வெள்ளித் தரவு ஜான்சனும் கிறிஸ்டியும் 1972-இல் மெல்லிய படலங்களில் அளந்தது. சில நானோமீட்டர் துகளில் எலக்ட்ரான்கள் மேற்பரப்பில் மோதிக் கூடுதலாக ஆற்றலை இழக்கும். அது இந்த எண்களில் இல்லை. இரு துகள்களுக்கு இடையே 1 நானோமீட்டருக்கும் குறைந்த இடைவெளி என்றால் எலக்ட்ரான்களே ஊடுருவித் தாவத் தொடங்கும். அங்கே இந்தச் செவ்வியல் கணக்கு புலத்தை மிகைப்படுத்தும், அந்த எண்ணைக் கட்டுரையில் போடாதீர்கள்.

கண்ணாடித் தகட்டில் வரிசை வரிசையாக அடுக்கிய துகள்கள்தான் உங்கள் வேலை என்றால் வெளி முழுவதையும் கட்டங்களாகப் பிரிக்கும் மீப் (Meep) போன்ற நிரலுக்குப் போவது நல்லது. ஓரிரு துகள், பக்கத்தில் ஓர் இருமுனை அல்லது கடந்துபோகும் எலக்ட்ரான் என்றால் நான் இன்றும் இதைத்தான் திறக்கிறேன்.