கடைப் பிரிண்டரை யாரிடம் ஒப்படைப்பது: விண்டோஸா, லினக்ஸா, மேக்கா?

பழைய வண்ணாரப்பேட்டையில் மச்சினனுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டர் மூன்று, பிரிண்டர் ஒன்றுதான். அதுவும் யூஎஸ்பி மட்டும். நாள் முழுக்க பென்டிரைவ் கைமாறிக்கொண்டே இருக்கும். "ஏதாவது பண்ணுங்க மாமா" என்றான்.

கைக்கு எட்டியது விண்டோஸ். பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் ஷேரிங்கை டிக் செய்தால் பத்து நிமிட வேலை. டிரைவர் கிடைக்காத பிரிண்டரும் அபூர்வம். ஆனால் அந்த ஒரு கம்ப்யூட்டர் தூங்கினால் மற்ற இரண்டும் கையைப் பிசைய வேண்டியதுதான். 2021இல், பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிவந்ததும் மைக்ரோசாஃப்ட் கெடுபிடியைக் கூட்டியது. அந்த ஆண்டு வந்த அப்டேட்களுக்குப் பிறகு பல இடங்களில், ஷேர் செய்த பிரிண்டரோடு இணைய விடாமல் 11பி என்று முடியும் எரர் தலைகாட்டியது. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். அது பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவு நன்றாகத் திறக்கிறது என்பது மாதிரி. எல்லாக் கம்ப்யூட்டர்களையும் அப்டேட் செய்வதே முறை.

மேக் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 2002 முதல் அதன் உள்ளே ஓடுவதும் லினக்ஸில் பிரிண்ட் வேலையைக் கவனிக்கும் அதே கப்ஸ் என்ற மென்பொருள்தான். ஜெராக்ஸ் கடைக்கு மேக் வாங்குவது மீன்பாடி வண்டிக்கு ஏசி வைப்பது போல.

லினக்ஸில் கப்ஸ் போட்டு, பிரவுசரில் 631ஆம் போர்ட்டைத் (localhost:631) திறந்தால் எல்லா அமைப்பும் அங்கேயே. முதலில் அது தன் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் வேலை செய்யும். நிர்வாகப் பக்கத்தில் ஷேரிங் டிக்கைப் போட்டால்தான் மற்றவற்றுக்கும் வழிவிடும். கூடவே, நெட்வொர்க்கில் பிரிண்டர் இருப்பதை அறிவிக்கும் அவாஹியும் ஓடினால் கடை போனிலேயே பிரிண்டர் தெரியும். வாட்ஸ்அப்பில் வரும் ஆதாரை அங்கிருந்தே அடித்துவிடலாம். என் ஓட்டு இதற்கே.

ஆனால் பிரிண்டர் வாங்குமுன் லினக்ஸுக்கு டிரைவர் உண்டா என்று பாருங்கள். கேனான் எல்பிபி2900 மாதிரியானவை தனி மொழி பேசுபவை. அதற்குக் கம்பெனி தந்த லினக்ஸ் டிரைவர் இன்டெல் வகை கம்ப்யூட்டருக்கு மட்டுமே. வேறு வகை சிப்பில் ஓடும் குட்டிக் கம்ப்யூட்டரான ராஸ்பெர்ரி பையை நம்பி இறங்காதீர்கள். பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பொது மொழிகள் தெரிந்த பிரிண்டர் என்றால் கவலையில்லை.

கடைசியில் மூலையில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் என்ற லினக்ஸைப் போட்டேன். ரவுட்டரில் அதற்கு நிரந்தர ஐபி முகவரி ஒதுக்க மறந்தது என் தப்பு. மறுநாள் காலை மூன்று கம்ப்யூட்டரும் பிரிண்டரைத் தேடின. அதைச் சரிசெய்த கையோடு, கரண்ட் போய் வந்தால் தானே ஆன் ஆகும்படி அந்த டெஸ்க்டாப்பின் தொடக்க அமைப்பான பயாஸிலும் மாற்றிவிட்டு வந்தேன்.