ஹேட்ரியன் சுவரா, செட்வர்த் கிராமமா?

இங்கிலாந்தில் ரோமானியச் சின்னங்களை நடந்தே பார்க்க இரண்டு நல்ல வழிகள் உண்டு. வடக்கே, கி.பி. 122இல் தொடங்கப்பட்ட ஹேட்ரியன் சுவர். ஹவுஸ்டெட்ஸ் கோட்டைப் பக்கம் அது பாறை விளிம்பை ஒட்டியே ஏறி இறங்குகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போகவேண்டும். வழியில் கிராமங்கள் குறைவு. நடக்கக் கட்டணம் இல்லை.

தெற்கே காட்ஸ்வோல்ட்ஸ் என்ற குன்றுப் பகுதி. அங்குள்ள செட்வர்த் கிராமத்தின் நார்மன் காலத் (11-12ஆம் நூற்றாண்டு) தேவாலயத்தைப் பார்த்துவிட்டுக் காட்டுப் பாதையில் நடந்தால், 1864இல் கண்டறியப்பட்ட ரோமானிய மாளிகை வருகிறது. இதற்கு டிக்கெட் உண்டு. தரையைக் கவனித்துப் பாருங்கள்: குளிர்காலத்தை மனித உருவமாக்கி, முக்காடிட்ட அங்கி போர்த்தி, ஒரு கையில் இலையற்ற கிளையையும் மறு கையில் முயலையும் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் சின்னஞ்சிறு கற்களால்! கம்பீரத்துக்குச் சுவர்தான். ஆனால் ரோமானியர் காலத்து வீட்டுக்குள் எட்டிப்பார்க்கும் நெருக்கம் இங்கேதான் கிடைக்கிறது. ஒரே நாள்தான் கையில் இருக்கிறதென்றால், தயங்காமல் செட்வர்த்துக்குப் போங்கள்.