13-லிருந்து 17-க்கு: போஸ்ட்கிரெஸ் வீட்டின் ஒண்டுக்குடித்தனங்கள்

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் வெர்ஷன் மாற்றத்தைப் பற்றிப் பழைய அலுவலக நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். "போஸ்ட்கிரெஸ் 13-க்கு 2025 நவம்பரோடு ஆதரவு முடிந்துவிட்டதே, நீங்கள் 17-க்கு மாறிவிட்டீர்களாமே, சுலபமா?" சுலபம்தான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

டேட்டாவைப் பொறுத்தவரை குறையே கிடையாது. பழைய வெர்ஷனின் டேட்டாவைப் புதியதற்கு மாற்றும் பிஜி-அப்கிரேட் என்ற கருவியை லிங்க் முறையில் ஓட்டினால் ஃபைல்களை நகலெடுக்காமல் அதே இடத்திலேயே கைமாற்றிக்கொள்கிறது. முந்நூறு ஜிபி, ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் வேலை ஆகிவிட்டது. எனக்குக் கோபமெல்லாம் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது கூடுதல் வசதிக்காகப் போஸ்ட்கிரெஸில் சேர்த்துக்கொள்ளும் துணைநிரல்கள் மீதுதான்.

மாற்றுவதற்கு முதல் நாள் இரவு, எதையும் மாற்றாமல் சோதிக்கும் 'செக்' மட்டும் ஓட்டிப் பார்த்தேன். ஏதோ லைப்ரரி புது சர்வரில் இல்லை, பட்டியல் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கிறது, போய்ப் பார் என்றது. பார்த்தால் ஒரே ஒரு பெயர்: அட்மின்பேக், பிஜிஅட்மின் என்ற நிர்வாகக் கருவிக்கு உதவும் எக்ஸ்டென்ஷன். 'இந்த லைப்ரரியைப் புதிய சர்வரில் சேர்க்கலாம்' என்று செய்தி சொன்னதை நம்பி அதற்கான பேக்கேஜைத் தேட ஆரம்பித்தேன். இரண்டு மணி நேரம். கிடைக்கவில்லை, கிடைக்கவும் செய்யாது. 17-ல் அட்மின்பேக்கையே தூக்கிவிட்டார்கள். ரிலீஸ் நோட்ஸில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள், படிக்காதது என் தப்பு. செய்தியின் பின்பாதியில் 'அல்லது பழையதிலிருந்து நீக்கு' என்றும் இருந்தது, அதையும் சரியாகப் படிக்கவில்லை. ஆனாலும் 'இது இப்போது கிடையாது, கழற்றிவிடு' என்று ஒரு வரி சொன்னால் குறைந்தா போய்விடும்?

இதில் கொடுமை என்னவென்றால், அது உட்கார்ந்திருந்தது எங்கள் டேட்டாபேஸிலேயே இல்லை. யாருமே திறந்து பார்க்காத 'போஸ்ட்கிரெஸ்' என்ற டீஃபால்ட் டேட்டாபேஸில். பிஜிஅட்மின் 3 காலத்தில் யாரோ, ஒருவேளை நானேதான், பாப்-அப் கேட்டதற்குச் சரி என்று அழுத்தியிருக்க வேண்டும். ட்ராப் எக்ஸ்டென்ஷன் என்று ஒரு வரி அடித்ததும் தீர்ந்தது.

டேட்டாபேஸை ஒரு ஃபைலாக எழுதி (டம்ப்), புது சர்வரில் மீண்டும் ஏற்றுபவர்களுக்கு (ரீஸ்டோர்) இந்தத் தலைவலியில் பாதி இல்லை. டம்ப் ஃபைலில் 'க்ரியேட் எக்ஸ்டென்ஷன்' என்ற வரி மட்டும்தான் போகும். புது சர்வரில் இருக்கும் புது வெர்ஷன் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பிஜி-அப்கிரேட் அப்படியில்லை. எக்ஸ்டென்ஷனுக்குள் இருக்கும் ஃபங்ஷன், வியூ எல்லாவற்றையும் பழைய வடிவத்திலேயே பெயர்த்து வைக்கும். ஆக டிஸ்கில் புது லைப்ரரி, டேட்டாபேஸுக்குள் பழைய வரையறை. 14-லிருந்து அப்டேட் செய்ய வேண்டியவற்றை ஒரு எஸ்க்யூஎல் ஃபைலாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான்.

நானும் சமர்த்தாக அதை ஓட்டினேன், மானிட்டரிங் டாஷ்போர்டு படுத்துவிட்டது. எந்த க்வெரி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கணக்கு வைக்கும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் எக்ஸ்டென்ஷன் 1.11-க்குப் போனதும், பிளாக் ரீட் டைம் என்றிருந்த காலமின் பெயருக்கு முன்னால் 'ஷேர்ட்' சேர்ந்துவிட்டது. அப்டேட் செய்யாமல் விட்டிருந்தால் பழைய பெயரோடு ஓடிக்கொண்டிருந்திருக்கும். அதற்கு முன்னாடியே இன்னொரு கூத்தும் நடந்தது. பிஜி-அப்கிரேட் பழைய கான்ஃபிக் ஃபைலைக் கொண்டுவருவதில்லை. சர்வர் எழும்போதே ஏற்ற வேண்டிய லைப்ரரிகளின் பட்டியலான ஷேர்ட் ப்ரீலோட் லைப்ரரீஸில் இந்த எக்ஸ்டென்ஷனின் பெயரைச் சேர்க்க மறந்துவிட்டேன். சர்வர் முணுமுணுக்காமல் எழுந்துவிட்டது, வியூவைத் திறந்தபோதுதான் எரர். இன்னொரு ரீஸ்டார்ட்.

உண்மையில் நான் பயந்துகொண்டிருந்தது, வரைபட, இடத் தகவல்களுக்கான எக்ஸ்டென்ஷனான போஸ்ட்ஜிஐஎஸ்ஸுக்குத்தான். போஸ்ட்கிரெஸ் 11-லிருந்து 13-க்கு வந்தபோது அது படுத்திய பாடு அப்படி. அப்போது லைப்ரரியின் பெயரிலேயே 2.5 என்று ஒட்டியிருந்தது. போஸ்ட்ஜிஐஎஸ் 3-க்கு மாற்றினால் ராஸ்டர் (படத் தரவு) ஃபங்ஷன்கள் மட்டும் கழன்று அநாதையாக நின்றன. அவற்றைத் தனி எக்ஸ்டென்ஷனாகக் கட்டி, எங்களுக்குத் தேவையில்லாததால் பிறகு ட்ராப் செய்து, அப்புறம்தான் வழிவிட்டது. இந்த முறை ஒரு சத்தமும் இல்லை. 3-லிருந்து லைப்ரரியின் பெயரில் வெறும் 3 மட்டும்தான் இருக்கிறது. ஃபுல் வெர்ஷன் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் 'ப்ரோஸீஜர்கள் பழசு, அப்கிரேட் தேவை' என்று அதுவே சொல்கிறது. ஒரு செலக்ட் ஓட்டினேன், முடிந்தது. வெளியாளான போஸ்ட்ஜிஐஎஸ் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்ள, போஸ்ட்கிரெஸோடே வரும் வீட்டுப் பிள்ளைகள்தான் காலை வாரின.

நண்பரிடம் எவ்வளவு டேட்டா என்று கேட்டேன். 40 ஜிபி, ஞாயிறு இரவு நிறுத்தி வைக்கலாம் என்றார். அப்படியானால் பிஜி-அப்கிரேட் பக்கமே போகாதீர்கள், டம்ப் எடுத்து ரீஸ்டோர் செய்யுங்கள் என்றேன். "காபி குடிப்பதற்குள் முடிந்தது என்றீர்களே?" என்றார். முடிந்தது உண்மைதான். அந்த இரண்டு மணி நேரம் இன்னும் ஆறவில்லை.